தூரத்தில் வட்டம்

கோல் மார்க்கெட் வட்டமானதில்லை என்று எனக்குப் புரியவைத்தவர் எங்கள் தமிழ் ஐயா.

1972. நான் ஒன்பதாம் வகுப்பு. டெல்லிக் குளிரில் வகுப்பறைக்குள் விரல் விறைத்துப் பேனா ஓடாது. அதனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் பாதி வகுப்புகள் வெளியே புல்தரையில், வெயிலில் நடக்கும். மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் எங்களுக்கு 'சார்'. தமிழுக்கு மட்டும் 'ஐயா'. அன்றைக்குப் பாடம் குறள் வெண்பா. "ஏழே சீர். தளை தட்டக் கூடாது. கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். நீ எதைப் பற்றி எழுதப்போகிறாய் என்று என்னைக் கேட்டதும், தினமும் அம்மா பையைக் கொடுத்துக் காய் வாங்க அனுப்பும் இடம்தான் வாயில் வந்தது.

"கோல் மார்க்கெட், ஐயா."

"அது என்ன வடிவம்?"

"வட்டம். பேரே கோல்தானே."

"சாயங்காலம் போய் ஒரு சுற்று சுற்றி வா. சுவரைத் தொட்டுக்கொண்டே வா."

போனேன். இந்தியில் 'கோல்' என்றால் வட்டம். ஐந்தாறு தெருக்கள் வந்து கூடும் ரவுண்டானாவின் நடுவில், வளைவு வாசல்களோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் கட்டிடத்தைப் பிறந்ததிலிருந்து வட்டமாகவேதான் பார்த்திருக்கிறேன். தூண்களில் கையை வைத்து நடந்தபோது, சில கடைகள் தாண்டியதும் கை ஒரு மூலையில் திரும்பியது. கொஞ்ச தூரத்தில் இன்னொரு மூலை. மீன்கடைக்காரர் ஒருவர் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். பதில் சொன்னால் எண்ணிக்கை தப்பிவிடும் என்று பேசாமல் நடந்தேன். தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு. மறுநாள் ஐயாவிடம் நீட்டிய தாளில் இப்படி எழுதியிருந்தேன்:

தூரத்தே வட்டமெனத் தோன்றும் அருகேபோய்
ஓரத்தை எண்ணினீ ராறு.

தூரத்தில் வட்டமாகத் தோன்றும், அருகே போய் ஓரத்தை எண்ணினால் ஈராறு, அதாவது பன்னிரண்டு. ஐயா அதைப் பலகையில் எழுதி, சீர் சீராகக் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "தளை தட்டவில்லை" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த ஏழு சீருக்குள் நான் அறியாத ஒன்று ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒளிந்துகொண்டிருந்ததைப் போன குளிர்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று: குவார்ட்டர்ஸும் பள்ளியும்

1911இல் தலைநகரத்தைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. புது நகரம் எழும்பத் தொடங்கியபோது, அங்கே குடியேறும் குமாஸ்தாக் குடும்பங்களுக்குக் காயும் கறியும் மீனும் கிடைக்க ஒரு சந்தை வேண்டியிருந்தது. கோல் மார்க்கெட் 1921இல் கட்டியது. கன்னாட் பிளேஸுக்கும் மூத்தது. சுற்றிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், தாழ்வான வீடுகள், நடுவில் புல்தரைச் சதுக்கங்கள். கோடையில் ஆபீஸ்கள் மூட்டை கட்டிக்கொண்டு சிம்லாவுக்கு ஏறும், குளிர் தொடங்கும்போது இறங்கி வரும். கோப்புகளோடு மனிதர்களும் ஏறி இறங்கினார்கள். வங்காளிகள் முதலில் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கணக்கும் ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தெரிந்த நம்மவர்கள் வந்தார்கள். தமிழோ தெலுங்கோ மலையாளமோ, டெல்லிக்கு எல்லாரும் மதராஸிகள்.

வங்காளிகள் காளி பாரி கட்டினார்கள். நம்மவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1920களில் மதராஸி கல்விச் சங்கமாகத் தொடங்கியதுதான் பின்னாளில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆயிற்று. இன்று அதற்கு ஏழு பள்ளிகள். அவற்றில் ஒன்று, கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பிர்லா மந்திர் இருக்கும் மந்திர் மார்க்கில் இருக்கிறது. அப்பா காலத்து ஆட்களுக்குக் கடைசிவரை அது ரீடிங் ரோடுதான்.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்யுள் முதலில் ஓசையாகத்தான் வந்தது. பாதிச் சொற்களுக்குப் பொருள் தெரியாது. ஆனால் எங்கே நீட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். ஐயா புத்தகத்தைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் பாட்டை இரண்டு தடவை சொல்லிக்காட்டுவார். மூன்றாம் தடவை நாங்கள் கூடவே சொல்வோம். அதற்குப் பிறகுதான் அலகிடல்.

குறிலோ நெடிலோ தனியாக வந்தால், அல்லது ஒற்றடுத்து வந்தால், நேரசை. குறில் இரண்டு இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ வந்தால் நிரையசை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இந்த நாலு வாய்பாட்டையும் நாங்கள் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரியே பாடமாக வைத்திருந்தோம். வகுப்பு முடிந்தும் அது எங்களை விடவில்லை. பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பெயர்களை அலகிடுவது ஒரு விளையாட்டு. கரோல்பாக் புளிமா. டெல்லி தேமா. இந்தியாகேட் கூவிளங்காய். கோல்மார்க்கெட் மூன்று நேர் சேர்ந்த தேமாங்காய் என்று கண்டுபிடித்தவன் நான்தான் என்று ஒரு வாரம் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

மார் தட்டியதில் தப்பில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். தெருவில் தமிழ் கேட்காத ஊரில் தேமாவையும் புளிமாவையும் காதுக்குள் நட்டுவைத்தார் ஐயா. ஒரு வரி தடுக்கினால், எதனால் என்று தெரிவதற்கு முன்பே தடுக்கியது தெரிந்துவிடும். அந்தக் காது தமிழ்நாட்டுக்கு வெளியே வளர்ந்த எங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து.

ஆனால் அன்றைய வகுப்பில் ஒரு கேள்வி வந்ததே இல்லை. சீர் பிரிப்போம், தளை சொல்வோம், எதுகை மோனைக்குக் கீழே கோடு போடுவோம். அணி என்றால் இலக்கணம், எடுத்துக்காட்டு, பொருத்தம் என்று மூன்று பத்தி. தண்டியலங்காரத்தின் பொருளணி 35 என்று எண்ணிக்கை சொல்வோம். இந்த இடத்தில் கவிஞர் ஏன் உவமை போட்டார், ஏன் இங்கே ஓசை மாறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பாட்டு பிரித்துப் போட்ட கடிகாரம் போலப் பலகையில் கிடக்கும். மணி அடித்ததும் அழித்துவிட்டுக் கணக்கு வாத்தியார் வருவார்.

மாடி அறையிலிருந்து வந்த கேள்வி

'ஏன்' என்ற கேள்வி அதே ஆண்டுகளில், அதே ஊரில், எங்கள் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தது. அப்போது டெல்லி தமிழ் இலக்கியத்துக்கு ஒரு கூடுதல் ஊர். கணையாழி இதழ் 1965இல் இங்கிருந்துதான் வரத் தொடங்கியது. விமர்சகர் க.நா.சு. டெல்லிவாசி. தி. ஜானகிராமன் வானொலியில் வேலைபார்த்தார். இந்திரா பார்த்தசாரதி பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தார். வெங்கட் சாமிநாதன் மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்துகொண்டு எழுதினார். எங்கள் குவார்ட்டர்ஸின் மாடி அறையில் குடியிருந்த தூரத்து உறவு மாமா ஒருவர் இவர்களை எல்லாம் படிப்பார். நான் அலகிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் புதுக்கவிதை ஒன்றை நீட்டி, "இதுல உன் தேமா புளிமாவைக் காட்டு பார்க்கலாம்" என்றார்.

காட்ட முடியவில்லை. அப்படியானால் இது கவிதை இல்லை என்றேன். "யாப்பு இல்லைன்னா வடிவம் இல்லைன்னு யாருடா சொன்னா?" என்று கேட்டார் மாமா. அந்தக் கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

அதற்குப் பதில் தேடியவர்களில் முக்கியமானவர் சி.சு. செல்லப்பா. 1959 முதல் 1970 வரை அவர் நடத்திய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தது. அதோடு நிற்காமல், ஒரு கவிதையை எப்படி வாசிப்பது என்பதையும் பக்கம் பக்கமாகச் செய்துகாட்டியது. அவர் அதற்கு வைத்த பெயர் அலசல். துணியை அலசுவது போலச் சொல் சொல்லாக எடுத்து, தண்ணீரில் விட்டு, எது சாயம், எது இழை என்று பார்ப்பது. நல்ல கவிதை என்று சொன்னால் மட்டும் போதாது, எதனால் நல்லது என்று வரியைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்றார். க.நா.சு.வுக்கு அதில் உடன்பாடு குறைவு. தேர்ந்த வாசகனின் ரசனையே அளவுகோல் என்பது அவர் கட்சி. மாமா அலசல் கட்சி.

வெளிநாட்டிலும் இதே விவகாரம் ஒரு தலைமுறைக்கு முன்னால் கிளம்பியிருந்தது. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை எடுத்துவிட்டு வெறும் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றுவதை எழுதச் சொன்னார். பெரிய கவிஞரைக் குப்பை என்றும் சாதாரணக் கவிதையைச் சிகரம் என்றும் அவர்கள் எழுதினார்கள். 1929இல் அவற்றையெல்லாம் தொகுத்துப் புத்தகமாகப் போட்டபோது, இத்தனை படித்தும் யாருக்கும் ஒரு கவிதையைக் கிட்டே போய்ப் பார்க்கத் தெரியவில்லையே என்ற அதிர்ச்சியிலிருந்து ஒரு புதிய பாடமுறையே பிறந்தது.

மாமாவின் அறைக்கும் எங்கள் புல்தரை வகுப்புக்கும் ஒரு மாடிப்படிதான் இடைவெளி. ஆனால் ஐயா மாடிக்கு ஏறியதில்லை, மாமா வகுப்புக்கு இறங்கியதில்லை. காதும் கேள்வியும் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றன. வடிவம் பழசு, அர்த்தம் புதுசு என்று நானும் நினைத்தேன். அது தப்பு என்று புரிய வெகுகாலம் ஆயிற்று.

இன்று: நிரப்ப வேண்டிய கட்டங்கள்

என் தங்கை பேத்தி ஜனக்புரியில் இருக்கிறாள். அலகிட்டால் கருவிளம். ஒன்பதாம் வகுப்பு, பள்ளியில் தமிழ் எடுத்திருக்கிறாள். போன டிசம்பரில் பரீட்சைக்கு நயம் பாராட்டல் எழுதிப் பழக என்னிடம் வந்தாள். நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தலைப்புகள் வரிசையாக இருந்தன: திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம், சுவை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஆயத்தமான வாக்கியம். பாட்டுக்கு மோனை என்றால் போர்க்களத்துக்குச் சேனை, செய்யுளுக்கு எதுகை என்றால் மதுரைக்கு வைகை. நடுவில் புள்ளி வைத்துக் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. பாட்டிலிருந்து இரண்டு சொல்லை எடுத்து அங்கே நிரப்ப வேண்டும். மூன்று வெவ்வேறு பாட்டுகளுக்கு அவள் எழுதியிருந்த மூன்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளி வைத்த இடங்களைத் தவிர மூன்றும் ஒன்றே. பாட்டைப் படிக்காமலே முக்கால் விடையை எழுதிவிடலாம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய ஆசிரியையையும்தான். வாரத்தில் சில பீரியட், முடிக்க வேண்டிய பாடம் மலையளவு, மதிப்பெண் தலைப்புக்கு இத்தனை என்று பிரித்து வைத்திருக்கும்போது யாராக இருந்தாலும் கட்டம்தான் போட்டுக் கொடுப்பார்கள். நாங்கள் சீரைப் பிரித்தோம், இவர்கள் நயத்தைப் பிரிக்கிறார்கள். மணி அடித்ததும் அழிப்பது இரண்டிலும் உண்டு.

அலகிடல் இன்றும் வினாத்தாளில் இருக்கிறது. ஆனால் அதற்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. 'அவலோகிதம்' என்று ஒரு மென்பொருள். பாட்டைத் தட்டச்சு செய்தால் அசை, சீர், தளை, தொடை எல்லாவற்றையும் பிரித்து, என்ன பா என்றும் சொல்லிவிடுகிறது. என் பழைய குறளைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஐயா பலகை முழுக்கக் கோடு போட்டுச் செய்த வேலை, கண்ணை மூடித் திறப்பதற்குள் திரையில் வந்து நின்றது. வெண்பாதான் என்று அதுவும் ஒப்புக்கொண்டது. உண்மையில் சந்தோஷமாக இருந்தது. யாப்பு தெரிந்த ஆசிரியர் பக்கத்தில் இல்லாத பிள்ளை, டெல்லியிலோ டொரண்டோவிலோ உட்கார்ந்து வெண்பா எழுதிச் சரிபார்த்துக்கொள்ள முடிகிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

"சரி, இப்போ வாய்விட்டுப் படி" என்றேன். 'வட்டமெனத்' என்பதில் தடுமாறினாள். தோன்றும் என்பதில் நெடிலைக் குறுக்கினாள். திரையில் ஒவ்வொரு அசையும் வண்ணத்தில் பிரிந்து நின்றது. காதில் ஒன்றும் ஏறவில்லை.

ஆனால் அவள் கேட்டது, நாங்கள் யாரும் கேட்காதது. "தாத்தா, இதுல யாரு பேசறாங்க? யாருகிட்ட சொல்றாங்க?"

எங்கே கற்றுக்கொண்டாய் என்றேன். இங்கிலீஷ் வகுப்பில் எந்தக் கவிதையை எடுத்தாலும் முதல் கேள்வி அதுதானாம். பேசுவது யார், என்ன குரலில், யாரைப் பார்த்து. "தமிழ்ல இதெல்லாம் கேக்க மாட்டாங்க" என்றாள்.

மணியின் நாக்கு

அலமாரியிலிருந்து தொல்காப்பியத்தை எடுத்தேன். செய்யுளியல், செய்யுளின் உறுப்புகள் 34 என்று வரிசைப்படுத்துகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று அடியிலிருந்து தொடங்குகிறது. அதுவரை எங்கள் ஐயா. அதே மூச்சில் மேலே போய், கூற்று, கேட்போர், களன், காலம் என்கிறது. பேசுவது யார், கேட்பது யார், எங்கே, எப்போது. "இதுதானே உன் இங்கிலீஷ் கேள்வி?" என்றேன். அவள் அந்தப் பட்டியலை விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

அந்த 34இல் ஒன்றின் பெயர் நோக்கு. மாத்திரையில் தொடங்கி அடிவரைக்கும், கேட்பவரைத் திரும்பிப் பார்க்கவைக்கிற காரணம் எதுவோ அதுதான் நோக்கு என்கிறார் தொல்காப்பியர். ஓசையின் மிகச் சின்ன அளவிலிருந்தே பார்வை தொடங்குகிறது என்பதுதான் இதன் சாரம். அலகிடுவது ஒரு வேலை, அர்த்தம் பார்ப்பது வேறு வேலை என்ற பிரிவினை அந்தப் பட்டியலில் இல்லை. அதை உண்டாக்கியவர்கள் நாம்.

நோக்கை விளக்க, உரையாசிரியர் பேராசிரியர் எடுத்துக்கொள்வது அகநானூற்றின் நான்காம் பாட்டு. குறுங்குடி மருதனார் பாடியது. முல்லைத் திணை. பிரிந்துபோனவன் கார்காலத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. தோழி தலைவிக்குத் தைரியம் சொல்கிறாள். பாட்டு ஒரு முல்லை மொட்டின் நுனியில் தொடங்குகிறது. அங்கிருந்து காடு, மழை, வானம் என்று விரிந்து, சட்டென்று தேருக்கு வருகிறது. குதிரைகள் விரைந்து ஓடுகின்றன. இழுத்துப் பிடித்த வாரின் ஓசைக்கு யாழ் நரம்பின் ஓசை உவமை. இத்தனை ஓசைக்கு நடுவில் ஒன்று மட்டும் ஒலிக்கவில்லை. தேரின் மணி. வழியில் பூத்த சோலையில் வண்டுகள் துணையோடு தங்கியிருக்கின்றன. அவை கலங்கிவிடுமே என்று மணியின் நாக்கைக் கட்டிவிட்டு வருகிறான்.

"இதைத் தோழி ஏன் சொல்றா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "வண்டு ஜோடியையே பிரிக்க மாட்டான்னா, இவளை விட்டுட்டு எப்படி இருப்பான்?"

அவ்வளவுதான். தோழி அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மணியைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறாள். இதற்கு இறைச்சி என்று இலக்கணத்தில் பெயர் உண்டு. பெயரைப் பிறகு சொல்லிக்கொடுத்தேன். முதலில் மணி. பாட்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வாக்கியம் என்பதையும், அது மொட்டில் தொடங்கித் தலைவியின் அழகை நினைப்பதில் போய் முடிகிறது என்பதையும் அவளே பென்சிலால் கோடு போட்டுக் கண்டுபிடித்தாள். அகவலின் தடையில்லாத ஓட்டம் இல்லாமல் அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் கடந்திருக்க முடியாது. தேரின் வேகம் பாட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஓசை கேட்கும் காது வேண்டும். மணியைக் கவனிக்க, சொல்வது யார் என்று கேட்கும் கண் வேண்டும். எனக்கு அன்று ஒன்று கிடைத்தது. இவளுக்கு இன்று இன்னொன்று கிடைத்திருக்கிறது.

கவிஞனின் பெயரே தொலைந்து, அவன் போட்ட உவமையே பெயராக நின்றுவிட்ட செம்புலப்பெயல்நீரார் போன்றவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒரு உவமை ஒரு மனிதனைவிட நீண்ட ஆயுளோடு இருக்கும் மொழியில், 'இதில் உவமையணி பயின்று வந்துள்ளது' என்று எழுதி மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுவது பெரிய நஷ்டம். அந்த நஷ்டம் அன்றும் இருந்தது. கூடச் சேர்ந்து ஓசையும் போய்விட்டால் எதை வைத்துக்கொண்டு பாட்டுக்குள் நுழைவது?

ஒளிந்திருந்தது

அவள் மறுபடி என் குறளுக்குத் திரும்பினாள். இந்தத் தடவை நான் சொல்லிக்கொடுத்தபடி நீட்டி நிறுத்திப் படித்தாள். கடைசிச் சீருக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"தாத்தா, நீங்க பன்னிரண்டுன்னு சொன்னீங்க. இதுல ஆறுன்னு இருக்கே?"

"ஈராறு. ரெண்டு ஆறு, பன்னிரண்டு."

"இல்ல. எண்ணினீர், ஆறு. அருகே போய் ஓரத்தை எண்ணினீர், ஆறு."

தாளை வாங்கிப் பார்த்தேன். எண்ணின் ஈராறு என்று சேர்த்து நான் எழுதியது, எண்ணினீர் ஆறு என்றும் பிரிகிறது. ஒரு எழுத்து மாறவில்லை. தளையும் தட்டவில்லை. தண்டி இதற்குப் பிரிமொழிச் சிலேடை என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பெயரை எத்தனை தடவை மனப்பாடம் செய்து ஒப்பித்திருப்பேன்! என் சொந்தப் பாட்டிலேயே அது உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

"பன்னிரண்டுன்னே போட்டிருக்கலாமே, குழப்பம் வந்திருக்காது" என்றாள். போட முடியாது என்பதுதான் விஷயம். பன்னிரண்டு, நேர் நிரை நேர், கூவிளங்காய். வெண்பாவின் ஈற்றுச் சீரில் அதற்கு இடமில்லை. அங்கே நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலு அளவில் ஒன்றுதான் உட்காரலாம். அதனால்தான் அன்று பையன் ஒருவன் பன்னிரண்டை விட்டுவிட்டு ஈராறைத் தேடிப் பிடித்தான். யாப்பு போட்ட கட்டுப்பாடு ஒரு சொல்லைக் கையில் திணித்தது. அந்தச் சொல் எழுதியவனுக்கே தெரியாத இன்னொரு பொருளைக் கூட்டிக்கொண்டு வந்தது. வடிவம் வெறும் சட்டை என்று நினைப்பவர்களிடம் இனிமேல் இதைத்தான் காட்டுவேன்.

"அப்போ ஆறா, பன்னிரண்டா?" என்றாள். "போய்ப் பார்ப்போம்."

மறுபடியும் ஒரு சுற்று

ஆர்.கே. ஆசிரமம் மெட்ரோவில் இறங்கி நடந்தோம். குவார்ட்டர்ஸ் இருந்த பல இடங்களில் இப்போது உயரமான கட்டிடங்கள். தமிழ்க் குடும்பங்கள் ஆர்.கே. புரம், மயூர் விஹார், துவாரகா, நொய்டா என்று எப்போதோ சிதறிவிட்டன. இனிப்புக் கடைகளில் மட்டும் அதே கூட்டம். நடுவில் அந்தக் கட்டிடம் கடைகள் இல்லாமல் நிற்கிறது. பலவீனமாகிவிட்டது என்று வியாபாரிகளை வெளியேற்றிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சாதனைப் பெண்களுக்கான அருங்காட்சியகமாக மாற்றும் வேலையைப் புது டெல்லி நகராட்சி கையில் எடுத்தது. சுவரைத் தொட்டுக்கொண்டு சுற்ற வழியில்லை. தடுப்பு.

தள்ளி நின்றுதான் எண்ண முடிந்தது. கிட்டே நின்றால் நாலு பக்கம். இன்னும் பின்னால் போனால் ஐந்து. தெருவுக்குள் கணிசமாகப் பின்வாங்கிய பிறகு, மரத்துக்கும் கம்பத்துக்கும் இடையில், இரண்டு ஓரங்களிலும் கீற்றாக ஒவ்வொரு பக்கம் சேர்ந்து ஆறு ஆயிற்று. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் இல்லை. பன்னிரண்டு பக்கக் கட்டிடத்தை ஒரு இடத்தில் நின்று பார்க்கிறவனுக்குப் பாதிதான் தெரியும். மீதி எப்போதும் முதுகுப்புறம்.

"நீங்க இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் எதிர்ப்பக்கத் தெருவுக்குப் போனாள். போக்குவரத்தைத் தாண்டி, கட்டிடத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். ஐயாவை நினைத்துக்கொண்டேன். "தளை தட்டவில்லை" என்று சொன்னபோது அவர் ஒரு கணம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றது இப்போது ஞாபகம் வருகிறது. தெரிந்துதான் சொல்லாமல் விட்டாரோ என்னவோ.

செல்போன் அடித்தது.

"தாத்தா, உங்க பக்கம் எத்தனை?"

"ஆறு."

"இங்கேயும் ஆறு" என்றாள். சற்று நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவளே, நெடிலைக் குறுக்காமல், அசை அசையாக நிறுத்திச் சொன்னாள்: "ஈர். ஆறு."